அரைக் கட்டணம் எத்தனை வருடத்துக்கு?

பாம்பன் தீவில் ஒரு கடலோர ஊரிலிருந்து ஆறு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் மகளிர் குழுவில் கணக்கு எழுதும் ஒரு தாய். கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். ஒரு முறை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய், ஐந்து வாரம் அங்கே சிறையில் இருந்துவிட்டுத் திரும்பியவர். “கடல் தொழில் எங்களோட முடியட்டும்” என்று அன்றைக்கே இருவரும் முடிவு செய்துவிட்டார்களாம். ஒரே மகளுக்கு 13 வயது. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். வருவாய் மாவட்டப் போட்டியில் 14 வயதுக்குட்பட்டோருக்கான 400, 600 மீட்டர் இரண்டிலும் முதலிடம். பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழாவில் ஒயிலாட்டக் குழுவோடு மாவட்ட அளவு வரை போனவள். படிப்பிலும் வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருத்தி.

அந்தப் போட்டி மைதானத்திலேயே கொங்குப் பக்கத்துத் தனியார் உறைவிடப் பள்ளி ஒன்றிலிருந்து வந்து பேசியிருக்கிறார்கள். “படிப்பு, கலை, விளையாட்டு மூன்றும் ஒரே வளாகத்தில்” என்று பளபளப்பான கையேடு. வருடக் கட்டணம் 2,60,000 ரூபாய். இவளுக்கு விளையாட்டுச் சலுகையாக அதில் பாதி. சீருடை, சலவை, புத்தகம், மருத்துவம் என்று தனியாக 38,000. மாதக் கடைசிக்குள் 40,000 முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்ய வேண்டும். ஐந்து பவுன் நகையும் குழுக் கடனும் சேர்த்தால் முதல் வருடத்தைத் தாண்டிவிடலாம் என்பது இவர் கணக்கு. கணவரின் அண்ணன், “கலாமே ராமேஸ்வரத்தை விட்டு வெளியே போய்த்தானே படிச்சார்? வயசுக்கு வந்த பிள்ளை, ஹாஸ்டல்ல இருந்தா நமக்கும் நிம்மதி” என்கிறார். மகளைக் கேட்டால், “உங்க இஷ்டம்மா” என்கிறாள். “சேர்க்கலாமா, கூடாதா? ஒரே வரியில் சொல்லுங்கள்” என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரே வரிதான் வேண்டும் என்றால்: இந்த மாதம் அந்த 40,000 ரூபாயைக் கட்டாதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் மீதியெல்லாம்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மாணவர் ஆலோசகராக வருவதற்கு முன் 11 வருடம் ஒரு மலையூர் உறைவிடப் பள்ளியில் ஆசிரியையாகவும் பெண்கள் விடுதிக் காப்பாளராகவும் இருந்தேன். அந்தச் சம்பளத்தில்தான் என் வீடு நடந்தது. விடுதி வாழ்க்கையில் மலர்ந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் உறைவிடப் பள்ளி என்றாலே ஆகாது என்று சொல்லும் கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். உங்கள் மகளுக்கு, இந்தப் பள்ளி, இந்த ஏற்பாட்டில் சரிவருமா என்பதை மட்டும்தான் பார்க்கப் போகிறேன்.

கையேட்டில் இருக்கும் ஒரு சாய்கோடு

கையேட்டின் நேர அட்டவணையைப் படம் எடுத்து அனுப்பியது நல்ல காரியம். நீச்சல் குளத்தின் படத்தையும் குதிரையின் படத்தையும் விட அந்த ஒரு பக்கம்தான் பள்ளியைப் பற்றிய உண்மையைச் சொல்கிறது. 4.45-க்கு எழுப்புகிறார்கள். 5.15 முதல் 6.45 வரை படிப்பு. 8.30 முதல் 4.15 வரை வகுப்பு. மாலை 6 முதல் 8 வரை படிப்பு. சாப்பிட்டுவிட்டு 8.45 முதல் 10.15 வரை மறுபடியும் படிப்பு. 10.30-க்கு விளக்கு அணைகிறது. மதிய இடைவேளையைக் கழித்தாலும் பதினொன்றரை மணி நேரம் புத்தகத்தோடு.

இப்போது 4.30 முதல் 5.15 வரை உள்ள கட்டத்தைப் பாருங்கள். “விளையாட்டு / நூலகம் / கலை” என்று போட்டிருக்கிறது. மூன்றுக்கும் சேர்த்து அந்த முக்கால் மணி நேரம்தான். வாரத்தில் ஆறு நாளை மூன்றாகப் பங்கிட்டால் விளையாட்டுக்கு இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம். இப்போது உங்கள் ஊரில், பயிற்சியாளர் யாரும் இல்லாமல், பி.டி. டீச்சர் சொல்லிக்கொடுத்ததை வைத்து அவள் காலையில் ஓடுவது எவ்வளவு? “தினமும் விடியக்காலம் ஒரு மணி நேரம்” என்று நீங்களே மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். விளையாட்டுக்காகச் சேர்க்கப்போகும் இடத்தில் விளையாட்டு நாலில் ஒரு பங்காகக் குறைகிறது.

அதே பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருக்கிறது. பொதுத்தேர்வு வகுப்புகளுக்கு மாலை விளையாட்டு நேரம் சிறப்பு வகுப்பாக மாற்றப்படுமாம். அப்படியானால் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் மைதானமே கிடையாது. நாலு வருடத்தில் இரண்டு வருடம் போயிற்று. நடுவில் ஒரு வருடம் ஓடாமல் இருந்துவிட்டு பதினொன்றில் திரும்ப வந்து பழைய நேரத்தைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எந்தத் தடகளப் பயிற்சியாளரைக் கேட்டாலும் சொல்வார்.

தூக்கத்தையும் கூட்டிப் பார்த்தேன். 10.30-க்குப் படுத்து 4.45-க்கு எழுந்தால் ஆறேகால் மணி நேரம். 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்க வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. ஓடுகிற பிள்ளைக்கு அது இன்னும் முக்கியம். கால் தசை தன்னைச் சரிசெய்துகொள்வது தூக்கத்தில்தான். படித்தது மனதில் தங்குவதும் அப்போதுதான். எங்கள் விடுதியில் 5 மணி மணியடித்ததும் எழுந்து, புத்தகத்தை நிமிர்த்தி வைத்து, அதற்குப் பின்னால் கண் திறந்தபடியே தூங்கும் கலையில் தேர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். காப்பாளராகிய நானும் பல நாள் அப்படித்தான்.

சலுகை யாருக்கு, எதுவரை

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்திய வரி இது: “மாநில அளவில் இடம் பெற்றுக்கொண்டிருக்கும்வரை சலுகை தொடரும் என்றார்கள்.” இதை நீங்கள் உறுதிமொழியாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது நிபந்தனையாகத்தான் தெரிகிறது.

இப்போது அவள் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஓடி ஜெயித்திருக்கிறாள். வரும் வருடத்திலோ அதற்கடுத்ததிலோ 17 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்கு ஏறுவாள். 600 போய் 800 மீட்டர் வரும். பக்கத்து ஓடுபாதையில் இரண்டு மூன்று வயது மூத்த பெண்கள், வளர்த்தி முடிந்தவர்கள், விளையாட்டு விடுதியில் பல வருடம் பயிற்சி பெற்றவர்கள் நிற்பார்கள். அந்த முதல் வருடத்தில் நல்ல ஓட்டக்காரிகளே குறுவட்டத்தைத் தாண்டி மாவட்டத்தோடு நின்றுவிடுவது சகஜம். அது தோல்வியே இல்லை. உடம்பு வளர்கிற வேகம் ஆளுக்கு ஆள் மாறும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பள்ளியின் கணக்குப் புத்தகத்தில் அது சலுகை ரத்து என்றுதான் பதிவாகும். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பயிற்சி கொடுத்துவிட்டு மாநில அளவில் இடம் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நீங்கள் குழுவுக்கே கணக்கு எழுதுகிறவர். இதையும் போட்டுப் பாருங்கள். சலுகை நாலு வருடமும் நீடித்தால் கட்டணம் 5,20,000, மற்ற செலவு 1,52,000, ஆக 6,72,000. இரண்டாம் வருடமே சலுகை போனால் 10,62,000. கட்டண உயர்வை நான் சேர்க்கவே இல்லை. உங்கள் கையிருப்பு முதல் வருடத்துக்குத்தான் தாங்கும். வாரத்துக்கு மூன்று நாள் கடலுக்குப் போய் வரும் பங்கில், 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், மறுபடி ஒரு முறை படகு பிடிபட்டால் (பிடிபடவே வேண்டாம்), தவணை எங்கிருந்து வரும்? பதினொன்றாம் வகுப்பின் நடுவில் பணம் கட்ட முடியாமல் பிள்ளையைக் கூட்டி வருகிற நிலைமையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அலுவலக வாசலில் டிரங்குப் பெட்டியோடு நின்ற அந்தத் தகப்பன் ஒரு வார்த்தைகூடச் சத்தமாகப் பேசவில்லை. பிள்ளைதான் அவரைத் தேற்றினாள்.

சட்டத்தில் உங்களுக்குச் சில பிடிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்த 2009-இல் இயற்றப்பட்ட சட்டம் இருக்கிறது. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது. அந்தப் பள்ளிக்கு என்ன நிர்ணயித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். ரசீதில் கற்பிப்புக் கட்டணம், விடுதி, உணவு எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். நன்கொடை என்று எதையும் கட்டாயமாக வாங்கக் கூடாது. சலுகையின் நிபந்தனையை வாயால் சொன்னது போதாது. பள்ளியின் தாளில், முத்திரையோடு எழுதிக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அந்தத் தயக்கமே உங்களுக்கான பதில்.

முன்பணம் “திரும்பத் தரப்படாது” என்று ரசீதிலேயே அச்சிட்டிருந்தால், பின்னால் வழக்குப் போட்டு வாங்குவது நடைமுறையில் பெரும்பாடு. கட்டாமல் இருப்பதுதான் மலிவான வழி. மாற்றுச் சான்றிதழ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம். கட்டணப் பாக்கியை அதில் எழுதக் கூடாது என்றும், பாக்கி வசூலுக்கு அதை ஓர் ஆயுதமாக்கக் கூடாது என்றும் 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கும் எமிஸ் தளத்திலிருந்து பிள்ளையின் பதிவை விடுவிக்காமல் நாள் கடத்தும் பள்ளிகள் உண்டு. அப்படி நடந்தால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

அரசுப் பள்ளியை விட்டால் கூடவே போவது

இதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. கையேட்டைக் கொடுத்தவரும் சொல்லியிருக்க மாட்டார்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நிபந்தனை, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை என்பது. ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்குப் போனால் சங்கிலி அறுந்துவிடும். பிறகு பத்தாம் வகுப்பில் திரும்பி வந்தாலும் ஒட்டாது.

“அங்கே போட்டா நீட் பாஸ் பண்ணி டாக்டர் ஆகிடுவா” என்று எழுதியிருக்கிறீர்கள். ஒதுக்கீடு இல்லாமல் பொதுப் போட்டியில் நிற்பதற்கும், ஒதுக்கீட்டோடு நிற்பதற்கும் தேவைப்படும் மதிப்பெண்ணில் பெரிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைப் பள்ளி நிரப்பித் தரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? சுவரொட்டியில் சிரிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் முதல் முறை எழுதியவர்கள், எத்தனை பேர் பன்னிரண்டு முடித்து ஒரு வருடம் இரண்டு வருடம் பயிற்சி மையத்தில் உட்கார்ந்தவர்கள், மொத்தம் எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கீழ் எண்ணைச் சொல்லாமல் மேல் எண்ணை மட்டும் சொல்வது பழைய வித்தை.

ஒதுக்கீடு தவிர இன்னும் இரண்டு இருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்விக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் ஒன்று. தமிழ் வழியிலேயே படித்தவர்களுக்கு அரசு வேலையில் உள்ள 20 சதவீத முன்னுரிமை இன்னொன்று. அந்தப் பள்ளி ஆங்கில வழி. ஒன்பதாம் வகுப்பில் மாறினால் இதுவும் போகும்.

விளையாட்டு ஒதுக்கீட்டைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம். தமிழ்நாட்டில் பொறியியலுக்கு விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் இருக்கின்றன, எம்.பி.பி.எஸ்-க்கு ஒற்றை இலக்கத்தில்தான். இவற்றுக்கு எந்தப் பள்ளியின் பெயரும் உதவாது. அங்கீகரிக்கப்பட்ட போட்டியின் சான்றிதழும், அதற்குரிய படிவமும்தான் பேசும். குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகள், இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி இவையெல்லாம் கணக்கில் வரும். பணம் கட்டிப் போய் ஓடிவரும் “அகில இந்திய ஓப்பன்” கோப்பைகள் வரவேற்பறை அலமாரிக்குத்தான். கையேட்டில் உள்ள கோப்பைகளில் எது எந்த வகை என்று உங்கள் பி.டி. டீச்சரிடம் காட்டிக் கேளுங்கள். ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

பெரியப்பா சொல்லும் நிம்மதி

அவருடைய அக்கறையை நான் குறைத்துப் பேச மாட்டேன். உங்கள் கணவர் சிறையில் இருந்த ஐந்து வாரமும் வீட்டைப் பார்த்துக்கொண்டவர் அவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கலாம் உதாரணத்தை மட்டும் திருத்தியாக வேண்டும். கலாம் போனது ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளிக்கு. ராமேஸ்வரத்திலிருந்து 55 கிலோமீட்டர்தான். அங்கேயே அவரை வீட்டு நினைவு வாட்டியது என்று அவரே எழுதியிருக்கிறார். அய்யாதுரை சாலமன் என்ற ஆசிரியர் அவரைத் தன் பிள்ளைபோல அணைத்துக்கொண்டார். கட்டடமும் கட்டணமும் இல்லாமல் ஒரு ஆசிரியர் பிடித்து நிறுத்திய கதை அது. உங்கள் மகள் போகப்போவது பஸ் மாறி மாறி ஏழெட்டு மணி நேரத் தூரம். வீட்டுக்குப் பேசுவதும் வாரத்துக்கு ஒரு முறை, ஐந்து நிமிடம், அதுவும் காப்பாளர் பக்கத்தில் நிற்கும்போது.

அந்தக் காப்பாளராக நானே நின்றிருக்கிறேன். கடலோரத்திலிருந்து வந்த ஒரு பெண் பிள்ளை. முதல் இரண்டு மாதம் தூங்கவே இல்லை. மலையூரில் இரவில் காற்றுச் சத்தம்கூட இருக்காது. மின்விசிறி தேவையில்லாத குளிரில், பக்கத்து அறைப் பழைய மேசை விசிறியைக் கொண்டுவந்து தலைமாட்டில் சுவரைப் பார்த்துத் திருப்பி ஓடவிட்டுப் படுத்திருந்தாள். ஏன் என்று அதட்டினேன். “இரைச்சல் வேணும் மிஸ்” என்றாள். பிறந்ததிலிருந்து அலைச் சத்தத்தில் தூங்கிய பிள்ளை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை அடம் பிடிக்கிறாள் என்றே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

விடுதி என்றால் பாதுகாப்பு என்பது தானாக வருவதில்லை. குழந்தைகளும் பெண்களும் தங்கும் விடுதிகளுக்கு உரிமம் வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமத்தை மாவட்ட ஆட்சியரிடம் பெற வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். இரவில் அந்தத் தளத்திலேயே தூங்கும் பெண் காப்பாளர் யார், ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள், உடம்பு சரியில்லை என்றால் யார் பார்ப்பது, மாதவிடாய் நாளில் வகுப்பிலிருந்து அறைக்குத் திரும்ப அனுமதி உண்டா என்று கேளுங்கள். அடிப்பதும் மனரீதியாகத் துன்புறுத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை. பாலியல் தொல்லை என்றால் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் எவரும் புகார் சொல்லியே ஆக வேண்டும், பள்ளி மறைத்தால் அதுவே குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அவளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும், உங்கள் வீட்டில் இருந்தாலும் சரி, எங்கே இருந்தாலும் சரி.

என்றைக்காவது அவளை விடுதியில் சேர்த்தால், ஒரு சங்கேதம் வைத்துக்கொள்ளுங்கள். “பாட்டிக்கு முட்டுவலி தேவலையா?” என்று அவள் போனில் கேட்டால், அடுத்த பஸ் பிடித்து வர வேண்டும் என்று பொருள். காப்பாளர் பக்கத்தில் நின்றாலும் பரவாயில்லை. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பத்தில் இது உண்மையாகவே உதவியிருக்கிறது.

உங்கள் பக்கத்திலேயே இருப்பவை

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேர்க்கிறார்கள். தங்குமிடம், உணவு, பயிற்சி, உடை எல்லாம் இலவசம். தேர்வு பெரும்பாலும் கோடை விடுமுறையை ஒட்டி நடக்கும். ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். பெண்களுக்கான தடகள விடுதி எந்த ஊரில், அங்கே எந்தப் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைக்கிறார்கள் என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியை மறக்கக் கூடாது. அரசுப் பள்ளி என்றால் 7.5 தப்பிக்கும். அரசு உதவி பெறும் பள்ளி என்றால் அந்தக் கணக்கில் வராது.

படிப்புதான் முதல் என்றால் அரசின் மாதிரிப் பள்ளி இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்று, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, தங்கிப் படிக்கலாம், கட்டணம் இல்லை, அரசுப் பள்ளி என்பதால் எந்தச் சலுகையும் போகாது. நுழைவுத் தேர்வுகளுக்கான தயாரிப்புதான் அங்கே பிரதானம். ஓட்டத்துக்கு அங்கே எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று நான் சொன்னால் அது இன்னொரு கையேடு ஆகிவிடும்.

மூன்றாவது வழி, அவள் இருக்கும் இடத்திலேயே இன்னும் ஒரு வருடம். மாதம் இரண்டு சனிக்கிழமை ராமநாதபுரம் போய் ஆணையத்தின் பயிற்சியாளரிடம் அட்டவணை வாங்கி வந்து, மீதி நாள் ஊரில் ஓடலாம். எங்கள் பள்ளியில் இருந்த உடற்பயிற்சி ஆசிரியர் கடலோரப் பிள்ளைகளுக்குச் சொல்வது ஞாபகம் வருகிறது. பொதபொத மணலில் வேக ஓட்டம் வேண்டாம், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் ஈர மணல் கெட்டியாக இருக்கும், அதில் ஓடலாம். ஆனால் கரை கடலைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் ஒரு பக்க இடுப்பும் முட்டியும் அடிவாங்கும். போன தூரத்தையே திரும்பி ஓடி வர வேண்டும்.

ஒயிலாட்டத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் “அது சும்மா பொழுதுபோக்கு” என்று. ஆனால் மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் காய்ச்சலோடு ஒத்திகைக்குப் போனாள் என்று வேறொரு பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் எழுதியது நீங்கள்தான். ராமநாதபுரத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கலைகள் கற்றுத்தரும் ஜவகர் சிறுவர் மன்றத்தைப் பற்றியும் விசாரியுங்கள். நான் இப்போது அவசரப்பட மாட்டேன். கலைத் திருவிழா அடுத்த வருடமும் வரும், அவளுடைய குழுவும் அங்கேதான் இருக்கிறது. தனியார் பள்ளிக்குப் போனால் அந்த விழாவின் அரசுப் பள்ளிப் பிரிவில் அவளுக்கு இடமில்லை.

போயே பார்ப்பதென்றால்

இவ்வளவுக்குப் பிறகும் மனது கேட்காது என்று தெரியும். போய்ப் பாருங்கள். அவர்கள் அழைக்கும் “திறந்த நாள்” அன்று போகாதீர்கள். ஒரு சாதாரண புதன்கிழமை, மாலை 4.30-க்கு மைதானத்தில் நிற்பதுபோலப் போங்கள். எத்தனை பிள்ளைகள் ஓடுகிறார்கள், எத்தனை பேர் வகுப்பறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். தடகளப் பயிற்சியாளர் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பட்டயம் பெற்றவரா, முழு நேரமா, போட்டிக்கு முன்னால் மட்டும் வருகிறவரா என்று கேளுங்கள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் நோட்டை வாங்கிப் பாருங்கள். அதில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் இருந்தால் அந்தப் பள்ளியின் போக்கு புரிந்துவிடும். சமையல்கட்டுக்குப் போய் வாரத்தின் மெனுவைக் கேளுங்கள். தினமும் மீனோடு வளர்ந்த, ஓடுகிற பிள்ளைக்குச் சாம்பாரும் வாரம் ஒரு முட்டையும் போதாது. உள்ளே போக விடவில்லை என்றால் வாசலிலிருந்தே திரும்பி வாருங்கள், பஸ் செலவோடு போயிற்று.

கடைசியாக அந்த “உங்க இஷ்டம்மா.” எனக்குத் தெரிந்தவரை 13 வயதில் ஒரு பெண் இப்படிச் சொல்வது, வீட்டில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று அவள் நினைக்கும்போதுதான். நகை அடகுப் பேச்சு அவள் காதில் விழுந்திருக்கும். வேண்டாம் என்றால் நன்றிகெட்டவள், வேண்டும் என்றால் அம்மாவின் நகை போகும். அவள் வேறு என்ன சொல்வாள்? உட்காரவைத்துக் கேட்காதீர்கள். தடைக்காலம் என்பதால் அவள் அப்பா இப்போது வீட்டில்தான் இருக்கிறார். காலையில் அவள் ஓடும்போது அவர் கரையில் போய் உட்காரட்டும். நேரம் பார்த்துச் சொல்லட்டும். மூன்று நாலு நாளில் அவளாகவே பேசுவாள். பெரியப்பா இல்லாத நேரமாக இருந்தால் நல்லது.

அவள் போகத்தான் வேண்டும் என்று சொன்னால், அதையும் கேளுங்கள். அப்போது முதலில் விளையாட்டு விடுதித் தேர்வு, பிறகு மாதிரிப் பள்ளி, இரண்டும் கைகூடாவிட்டால் மட்டும் இந்தக் கையேடு. ஐந்து பவுன் அதுவரை உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. “கடைசி நூறு மீட்டரில் மூச்சு வாங்குது, முகம் வெளுத்துப் போகுது” என்று இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம். ஹீமோகுளோபின் 12-க்குக் குறைவாக இருந்தால் அது ரத்தசோகை, மருத்துவர் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். அடுத்த கடிதத்தில் அந்த எண்ணையும் எழுதுங்கள்.